மேஸ்திரியின் மந்தைக்கு இரண்டு ஊசி

ஜூன் 2, திங்கள்

கொட்டகைக் கதவுக்குத் தாழ் போட மறந்துவிட்டேன். ஆடு ஒன்றும் வெளியே வரவில்லை. ஆனாலும் காலை டீயின்போது மேஸ்திரி தன் அப்பாவிடம் சொன்னாள்: "அப்பா, அவங்ககிட்ட சொல்லுங்க, தாழ் போட்டுட்டு ஒரு தடவை இழுத்துப் பாக்கணும்னு."

நான் அவளுக்கு நேர் எதிரே உட்கார்ந்திருக்கிறேன். கை நீட்டினால் தொட்டுவிடலாம். இவரும் சிரிக்காமல் கொள்ளாமல் என் பக்கம் திரும்பி, "தாழ் போட்டுட்டு இழுத்துப் பாக்கணுமாம்" என்றார். தபால்காரர் கெட்டார் போங்கள்.

மேஸ்திரி என்பது மகளுக்கு இவர் வைத்த பெயர். ஆறு வயதிலேயே ஆடு மேய்க்க வந்த ஆட்களை வேலை வாங்குவாளாம். இப்போது இருபத்தாறு. எண்பது சொச்சம் செம்மறிகளும் அவள் பொறுப்பு. அவளுடைய அம்மா ஐந்து ஆட்டோடு ஆரம்பித்த மந்தை. அம்மா போய் ஒன்பது வருஷம். நான் வந்து மூன்று மாதம்.

ஐம்பத்து நாலு வயதில் நர்ஸ் வேலையிலிருந்து விருப்ப ஓய்வு, கையோடு கல்யாணம். "ரிட்டயர்மென்ட் பார்ட்டியையும் கல்யாண விருந்தையும் ஒரே செலவுல முடிச்சிட்டியேடி" என்று ஆஸ்பத்திரியில் கேலி செய்தார்கள். ஆட்டு முடி கத்தரிக்கும்போது கையைக் கிழித்துக்கொண்டு, டெட்டனஸ் ஊசி போட என்னிடம் வந்தவர் இவர். "வலிக்குமா சிஸ்டர்?" என்று மூன்று தடவை கேட்டார். அந்த முகத்துக்காகத்தான் சரி என்றேன். மகள் என்று ஒருத்தி இருப்பாள் என்று தெரியும். இப்படி இருப்பாள் என்று தெரியாது.

ஜூன் 5, வியாழன்

மேஸ்திரி வாய்க்காலுக்குக் கீழே புது மேய்ச்சல் பிடித்திருக்கிறாள். அறுவடை முடிந்த வயல், தண்ணீர் பாய்ந்து பச்சைப்பசேல் என்று துளிர்த்துக் கிடக்கிறதாம். குட்டிகளை முதலில் அங்கேதான் விட்டாள்.

"வயித்தைப் பாருங்கப்பா, தவில் மாதிரி!"

அவள் சிரித்து இன்றுதான் பார்த்தேன். முன்பல் ஒன்று லேசாக ஏறியிருக்கிறது. அழகாக இருந்தது. சொல்ல முடியுமா? தபால்காரர் வழியாகத்தான் சொல்ல வேண்டும்.

ஜூன் 8, ஞாயிறு

குட்டிகளிலேயே பெரியது செத்துக் கிடந்தது. நேற்று மாலை வேலியைத் தாண்டிக் குதித்த குட்டி. கழுத்து பின்னால் வளைந்து, கால் நான்கும் விறைத்து... பாம்பாக இருக்கும் என்று மேஸ்திரி அதன் உடம்பெல்லாம் முடியை விலக்கிப் பல்தடம் தேடினாள். இல்லை. தானே குழி தோண்டிப் புதைத்தாள். மண்வெட்டியை இவர் கேட்டும் தரவில்லை.

ஜூன் 9, திங்கள்

இன்னும் இரண்டு. ஒன்று என் கண்ணெதிரே.

நன்றாக நின்று அசை போட்டுக்கொண்டிருந்தது. யாரோ கயிறு கட்டி மேலே சுண்டினாற்போல ஒரு துள்ளு. விழுந்தது. கால்கள் சைக்கிள் மிதிப்பதுபோல் அடித்துக்கொண்டன. குழந்தைகளுக்கு வலிப்பு வந்து எத்தனை பார்த்திருக்கிறேன் – யோசிப்பதற்குள் என் கை போய் அதை ஒருக்களித்துப் படுக்க வைத்துவிட்டது.

"தொடாதீங்க!"

மூன்று மாதத்தில் அவள் என்னிடம் நேராகப் பேசிய முதல் வார்த்தை. கையை எடுத்துக்கொண்டேன். குட்டி பிழைக்கவில்லை.

செத்த மூன்றும் மந்தையிலேயே கொழுத்த குட்டிகள். நோஞ்சான்களெல்லாம் ஜம்மென்று நிற்கின்றன. எந்த நோய் இப்படி ஆள் பார்த்துப் பிடிக்கும்?

ஜூன் 10, செவ்வாய்

கால்நடை டாக்டர் வந்தார். சின்ன வயதுப் பெண், பெரிய ரப்பர் பூட்ஸ். நேற்று செத்த குட்டியைக் கொட்டகைக்குப் பின்னால் வைத்து அறுத்துப் பார்த்தார். இவர் வேலை இருக்கிறது என்று எங்கேயோ போய்விட்டார். மேஸ்திரியும் நானும்தான் நின்றோம். குடல் செக்கச்செவேல் என்று வெந்தாற்போல் இருந்தது.

"துள்ளுமாரி" என்றார் டாக்டர். "துள்ளும், விழும், முடிஞ்சிரும். வைத்தியம் பண்றதுக்கு நேரமே குடுக்காது."

"எங்கருந்து வந்துச்சு?" – மேஸ்திரி.

"எங்கருந்தும் வரல. இந்தக் கிருமி எல்லா ஆட்டுக் குடல்லயும் கொஞ்சம் இருக்கும், சும்மா கிடக்கும். திடீர்னு செழிப்பான தீனி நெறய உள்ள போனா, ஒரே நாள்ல பெருகி விஷத்தைக் கக்கிடும். அதான் நல்லாத் தின்ற குட்டியாப் பாத்துப் போகுது."

மேஸ்திரி அந்தக் குடலைக் குனிந்து பார்த்தாள். அப்புறம் மெதுவாக, "அப்ப... நான் நல்ல புல்லு காட்டினதுதான் காரணமா?"

டாக்டர் கத்தியைக் கழுவிக்கொண்டே சொன்னார்: "புல்லு மேல தப்பில்லம்மா. தடுப்பூசி போடாம விட்டதுதான். முதல் ஊசி ஒண்ணு, மூணு வாரம் கழிச்சு இன்னொண்ணு. ரெண்டும் போட்டாத்தான் கணக்கு."

பிறகு என்னைப் பார்த்துச் சிரித்தார். "நீங்க வாழ்நாள் பூரா போட்டீங்களே டெட்டனஸ் ஊசி, அந்தக் கிருமியும் இதுவும் ஒரே குடும்பம்தான் சிஸ்டர்."

எனக்குக் கல்யாணம் முடித்துவைத்த கிருமிக்கு இப்படி ஒரு பங்காளியா!

டாக்டர் போனபிறகு மேஸ்திரி கொட்டகைச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள். பிள்ளைக்கு ஆசையாய் ஊட்டியது விஷமாய்ப் போனால் தாய் எப்படி உட்காருவாளோ அப்படி. பக்கத்தில் போகலாமா வேண்டாமா என்று நின்றேன். போகவில்லை.

ஜூன் 11, புதன்

ஆடுகளுக்குக் காய்ந்த வைக்கோல் மட்டும். எங்களுக்கும் ஏறக்குறைய அதுதான் – யாரும் சரியாகச் சாப்பிடவில்லை.

ஜூன் 12, வியாழன்

ஊசி வேண்டாம் என்கிறாள்! தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

"அப்பா, அவங்களுக்குத் தெரியாது. ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி ஆட்டம்மைக்குன்னு ஒருத்தன் வந்து எல்லாத்துக்கும் ஊசி போட்டான். ஊசி போட்டும்தான் செத்துச்சு. கட்டி கட்டியா வீங்கினதுதான் மிச்சம்."

இந்த முறை நான் தபால்காரருக்காகக் காத்திருக்கவில்லை. நேராகக் கேட்டேன்: "அவன் மருந்தை எதுல கொண்டுவந்தான்?"

அவள் இவரைப் பார்த்தாள். இவர் கூரையைப் பார்த்தார்.

"சட்டைப் பையில" என்றாள் கடைசியில்.

"எந்த மாசம்?"

"...மே மாசம்."

மே மாத வெயிலில், சட்டைப் பையில், நாலு ஊர் சுற்றிய மருந்து! அவன் ஊசி போடவில்லை. வெந்நீரை ஏற்றிவிட்டுப் போயிருக்கிறான். கத்தவேண்டும்போல் வந்தது. கத்தவில்லை. தடுப்பூசி அறையில் கத்தினால் குழந்தையும் அழும், அம்மாவும் அழுவாள், ஊசி மட்டும் போட முடியாது.

"மருந்து உயிர் மாதிரிம்மா. சூடும் ஆகாது, உறையவும் கூடாது. அதைக் காப்பாத்திக் கொண்டுவந்தாத்தான் அது ஆட்டைக் காப்பாத்தும். நான் கொண்டுவரேன். நானே போடறேன். நீ பிடிச்சுக் குடுத்தாப் போதும்."

சரி என்று சொல்லவில்லை. ஆனால் எழுந்து போகும்போது இவரிடம், "கிடாவைப் பிடிக்கக் கயிறு வேணும்" என்றாள். அது சரி என்றுதான் அர்த்தம் என்று இவர் சத்தியம் செய்கிறார்.

ஜூன் 14, சனி

டவுனில் கால்நடை மருந்துக்கடையில் வாங்கிவந்தேன். ஐஸ் பெட்டியை மடியிலேயே வைத்துக்கொண்டு வந்ததில் தொடை மரத்துப்போயிற்று. ஃபிரிட்ஜ் நடுத்தட்டைக் காலி செய்து, துடைத்து, வைத்திருக்கிறேன். திங்கட்கிழமை ஊசி. சந்தோஷமாக இருக்கிறது. எவ்வளவு நாளாயிற்று என் கையில் சிரிஞ்ச் பிடித்து!

ஜூன் 15, ஞாயிறு

அட ஆண்டவனே. இந்த மனிதரை என்ன செய்ய.

காலையில் ஃபிரிட்ஜைத் திறந்தால் நடுத்தட்டு காலி. மருந்து மேலே ஃப்ரீசரில்! ஐஸ் கட்டிகளுக்கு நடுவே, கல்லாக.

"குளிர்லதானே வைக்கணும்னு சொன்ன? அதான் இன்னும் நல்ல குளிர்ல வச்சேன்" என்கிறார். பெருமையோடு. பரிசு கிடைக்கும் என்று நிற்கும் பள்ளிக்கூடப் பையன் மாதிரி.

ஒரு பாட்டிலை உருகவைத்து, குலுக்கி, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். பூப்பூவாகத் திரிந்து அடியில் இறங்கிற்று. சந்தேகமே இல்லை, போய்விட்டது. உறைந்த டெட்டனஸ் மருந்தும் இப்படித்தான் காட்டிக்கொடுக்கும்.

"செத்த மருந்து" என்றேன்.

"பாக்க நல்லாத்தானே இருக்கு? போட்டுடலாமே. யாருக்குத் தெரியப்போகுது?"

"ஆட்டுக் குடலுக்குத் தெரியும்."

எல்லா பாட்டிலையும் குழி தோண்டிப் புதைத்தேன். மேஸ்திரி கொட்டகை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். வெளக்கமாறு கையில் இருந்தது, பெருக்கவில்லை. சும்மா பார்த்தாள். நான் மண்ணை மிதித்துச் சமப்படுத்தும்வரை பார்த்தாள்.

நாளை மறுபடி டவுன்.

ஜூன் 16, திங்கள்

திரும்பி வரும்போது பஸ் பாதி வழியில் நின்றுவிட்டது. எஞ்சின் புகை. இறங்கி எல்லோரும் மரத்தடியில் நிற்கிறார்கள், எனக்கு மட்டும் இதயம் ஐஸ் பெட்டிக்குள் இருக்கிறது. வெயில் கொளுத்துகிறது. சாலையோரம் மீன் விற்கும் பெண்ணிடம் ஓடிப்போய் ஐஸ் கேட்டேன்.

"என்ன மீன் வச்சிருக்கீங்க?" என்றாள்.

"மீன் இல்லம்மா, ஆட்டுக்கு மருந்து."

"ஆட்டுக்கே இந்தக் கவனிப்பா? என் வீட்டுக்காரருக்குக்கூட நான் இப்படிப் பாத்தது இல்ல" என்று சொல்லி அள்ளிக் கொட்டினாள். காசு வாங்கவில்லை. மருந்து ஐஸைத் தொடாமல் துண்டில் சுற்றி நடுவில் வைத்தேன். வீடு வந்து தொட்டுப் பார்த்தேன்: ஜில்லென்று இருந்தது, உறையவில்லை. நடுத்தட்டில் வைத்து ஃபிரிட்ஜ் கதவுக்கு முன்னால் நாற்காலி போட்டுவிட்டேன். இவர் அந்தப் பக்கம் வரவே பயப்படுகிறார். வரட்டும் பார்க்கலாம்.

ஜூன் 17, செவ்வாய்

போட்டாயிற்று! முதல் ஊசி முடிந்தது! உடம்பு முழுக்கச் சேறு, முழங்கை சிராய்ப்பு, வாய் மட்டும் காதுவரை.

டாக்டர் வந்து இடம் காட்டிக்கொடுத்தார் – முன்னங்காலுக்குப் பின்னே, முடியை விலக்கி, தோலைக் கூடாரம் மாதிரி தூக்கி, அதற்கடியில். அடுத்த அவசரத்துக்கு அவர் கிளம்பிப் போனதும் நாங்கள் ஆரம்பித்தோம். குழந்தைகள் தொடையில் லட்சம் போட்டிருப்பேன், இதென்ன பெரிய வித்தை என்று நினைத்தேன். முதல் பெட்டை ஆட்டிடம் பழக்கதோஷத்தில் "ஒண்ணுமில்லடா செல்லம், எறும்பு கடிக்கிற மாதிரி" என்றேன். செல்லம் என்னை ஒரே மோதலில் தண்ணீர்த் தொட்டிக்குள் உட்கார வைத்துவிட்டது.

சத்தமே இல்லை. நிமிர்ந்து பார்க்கிறேன்: மேஸ்திரி ஆட்டின் முதுகில் முகத்தைப் புதைத்துக் குலுங்குகிறாள். அழுகிறாள் என்று பயந்தேன். சிரிப்பு! அடக்கமுடியாமல் கண்ணில் தண்ணீர் வர, அந்த ஏறின பல் தெரியச் சிரிக்கிறாள்.

"எழுந்திருங்க... ஐயோ... முன்னாடி நிக்காதீங்க, பக்கத்துல வாங்க. ஆடு நேரே வர்றவங்களை நம்பாது."

ஆடு மட்டுமா அப்படி?

அதற்குப் பிறகு வேலை ஓடியது. அவள் தாடையைப் பிடித்து, முழங்காலோடு சேர்த்து அணைத்துக் கொடுப்பாள். நான் பக்கவாட்டில் குனிந்து போட்டுவிட்டு ஊசியை எடுப்பேன். நெற்றியில் நீலச் சாயத்தில் ஒரு கோடு. அவள் விடுவாள். அடுத்த ஆடு எது என்று அவள் தலை அசைத்தாலே எனக்குப் புரிந்தது. ஆபரேஷன் தியேட்டரில் நல்ல டாக்டரோடு நிற்பதுபோல் இருந்தது.

பெரிய கிடா – "தாதா" என்று பெயர் – கடைசியில்தான் வந்தான். நாங்கள் இருவரும், கயிறும், இவரும் சேர்ந்தும் மூச்சு வாங்கிற்று. ஊசி இறங்கிய கணம் "அம்மா!" என்று அலறியவர் இவர்தான். கிடா கண்கூடச் சிமிட்டவில்லை.

ஜூன் 18, புதன்

இடுப்பு என்று ஒன்று இருப்பது இன்றுதான் தெரிகிறது.

ஜூன் 24, செவ்வாய்

எழுதவே கை வரவில்லை.

இன்று காலை ஒரு குட்டி. நெற்றியில் நீலக்கோடு இருக்கிறது. வைக்கோல் நாட்களிலும் தாய்ப்பாலிலேயே கொழுத்த, ஊசி போட்ட குட்டி. அதே வளைந்த கழுத்து.

ஒரு ஊசியில் முழுப் பாதுகாப்பு வராது, இரண்டாவது போட்டால்தான் கோட்டை கட்டின மாதிரி – எனக்குத் தெரியும். டாக்டரும் போனில் அதைத்தான் சொன்னார். ஆனால் அந்த நீலக்கோட்டைப் பார்த்துக்கொண்டு நிற்கும்போது தெரிந்ததெல்லாம் எங்கே போகிறது? என் கை தவறிப்போச்சா? மருந்து தோலுக்கு வெளியே சிந்திடுச்சா? அந்த பஸ் நின்னப்போ பெட்டி சூடாகிடுச்சோ? எத்தனை தடவை யோசிச்சாலும் சுத்திச் சுத்தி அங்கேயே வந்து நிக்குது.

இவர் உடைந்துவிட்டார். "போதும். இருக்கிறதையாவது உயிரோட வித்துடுவோம். தரகரை நாளைக்கு வரச் சொல்லிட்டேன்." மேஸ்திரியைப் பார்க்காமலே சொன்னார்: "உன் அத்தை பொண்ணு வேலை பாக்கிற தையல் கம்பெனியில ஆள் எடுக்கிறாங்களாம். நீயும் எத்தனை நாள்தான் சாணியிலயே கிடப்ப."

அவள் கொட்டகைக்குப் போனாள். அவள் அம்மா ஆரம்பித்த மந்தை. அதை முடித்துவைத்தவள் என்று என் பேர் நிற்கப்போகிறதா? ஆடு பகை, குட்டி உறவா என்பார்கள். இங்கே எனக்கு இரண்டும் இல்லாமல் போய்விடும் போலிருக்கிறது.

ஜூன் 25, புதன்

இதை நிதானமாக எழுத வேண்டும். ஒரு வார்த்தை விடக்கூடாது.

தரகர் காலையிலேயே வந்தார். வெள்ளைச் சட்டை, பல்லிடுக்கில் குச்சி. ஆட்டுக்கு ஆடு போய் முதுகைத் தடவி, "அடடா, எப்படி இருந்த மந்தை! மனசு பொறுக்கலீங்க" என்று உருகினார். ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதை. உருகிக்கொண்டே பாதி விலை சொன்னார்.

இவர் தலையாட்டப் போனார். நான் வாய் திறந்தேன் – இரண்டாவது ஊசிவரை பொறுங்கள் என்று சொல்ல. எனக்கு முன்னால் மேஸ்திரி கொட்டகையிலிருந்து வந்தாள்.

"விக்கல."

"மேஸ்திரி, ஊசி போட்டும் செத்துச்சேம்மா, பாத்தீல்ல" என்றார் இவர்.

"ஒரு ஊசிதானேப்பா போட்டிருக்கோம்? ரெண்டு போடணும்னு டாக்டரும் அவங்களும் முதல்லயே சொன்னாங்க."

"அவ சொன்னா ஆச்சா? உறுதியா?"

அவள் இவருக்கு நேரே வந்து நின்றாள். அப்புறம் சொன்னாள்:

"அன்னிக்கு நீங்க ஃப்ரீசர்ல வச்ச மருந்தை அப்படியே போட்டிருந்தா உங்களுக்கோ எனக்கோ என்ன தெரிஞ்சிருக்கும்? ஒருத்தரும் கேட்டிருக்க மாட்டோம். ஆனா அவ்வளவையும் கொண்டுபோய்ப் புதைச்சாங்க. திரும்ப டவுனுக்குப் போனாங்க. கெட்டதைக் கெட்டதுன்னு சொன்னவங்க, நல்லதை நல்லதுன்னு சொன்னா நான் நம்புவேன். ரெண்டாவது ஊசி போடறோம். அப்புறமும் செத்தா நானே ஓட்டிட்டு வந்து தரகர்கிட்ட விடறேன்."

தரகரிடம் திரும்பி, "டீ குடிச்சிட்டுப் போங்க" என்றாள். அவர் குடிக்காமலே போனார்.

நான் சமையலறைக்குள் போய் அடுப்பை ஏற்றினேன். எதற்கு ஏற்றினேன் என்று தெரியவில்லை. கண்ணாடியில்லாமல் எதுவும் தெரியவில்லை, கண்ணாடி போட்டாலும் தெரியவில்லை. பின்னால் அவள் வந்து நின்றாள்.

"பாத்திரம் வைக்காம அடுப்பு எரியுது" என்றாள். என்னிடம்தான். நேராக.

ஜூலை 8, செவ்வாய்

இரண்டாவது ஊசி. மதியச் சாப்பாட்டுக்குள் முடித்துவிட்டோம்! யாரும் தொட்டியில் விழவில்லை. பாதிக்கு மேல் மேஸ்திரியே போட்டாள். நான் சொன்னது ஒன்றுதான்: "தோலைத் தூக்கினதும் அவசரப்படாதே." அவள் கை என் கையைவிட இலகுவாக இருக்கிறது. ஆடும் அவளுக்கு அசையாமல் நிற்கிறது. எனக்குக் கொஞ்சம் பொறாமைகூட.

இந்த முறை சிவப்புக் கோடு. நீலமும் சிவப்புமாக எண்பது நெற்றிகள் முற்றத்தில் நடந்து போனதைப் பார்க்க ஏதோ பெரிய படை புறப்பட்ட மாதிரி இருந்தது. இவர் சல்யூட் அடித்தார்.

ஜூலை 13, ஞாயிறு

சில ஆடுகளுக்கு ஊசி போட்ட இடத்தில் பட்டாணி அளவு வீக்கம். இவர் முகம் வெளுத்தது. நான் பதில் சொல்ல வாய் திறப்பதற்குள் மேஸ்திரி, "அது வேலை செய்யுதுன்னு அர்த்தம்ப்பா, தானா அமுங்கிடும்" என்றாள். ஏதோ பிறந்ததிலிருந்து தெரிந்தவள் மாதிரி.

ஜூலை 22, செவ்வாய்

ஒரு வாரமாக நல்ல மழை. வாய்க்காலுக்குக் கீழே புல் முழங்கால் உயரம். அதே வயல்.

டாக்டர் சொன்னபடி முதலில் வைக்கோல் போட்டு வயிறு பாதி நிறைத்து, அப்புறம் கொஞ்ச நேரம் மட்டும் புல்லில். நாளுக்கு நாள் நேரம் கூட்டுவதாகத் திட்டம். அங்கே கூட்டிப்போகவே வேண்டாமே என்றார் இவர்.

"பயந்துகிட்டே வைக்கோல் போட்டா அது ஆடு வளக்கிறது இல்லப்பா" என்றாள்.

குட்டிகள் புல்லுக்குள் ஓடி மறைந்தபோது என் கை அவள் தோளைப் பிடித்திருந்தது. எப்போது பிடித்தேன்? அவள் தட்டிவிடவில்லை.

ஜூலை 23, புதன்

எல்லாம் உயிரோடு!

ஜூலை 24, வியாழன்

எல்லாம்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

இப்போதெல்லாம் குட்டிகள் நாள் முழுக்க அந்தப் புல்லில்தான். வயிறு தவில். ஒன்று – ஒன்றுகூட – போகவில்லை. இன்று மாலை குட்டிகள் எல்லாம் சேர்ந்து காரணமே இல்லாமல் துள்ளின, வரப்புக்கு வரப்பு. முதல் துள்ளலுக்கு நானும் மேஸ்திரியும் ஒரே நேரத்தில் எழுந்து ஓடினோம். விழவில்லை. மறுபடி துள்ளின. வெறும் விளையாட்டு! ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு, சேற்றில் நின்று, பைத்தியம் மாதிரி சிரித்தோம்.

ஜெயித்துவிட்டோம். எழுதிப் பார்க்கிறேன், நன்றாக இருக்கிறது. ஜெயித்துவிட்டோம்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

தரகர் வந்தார். வெள்ளைச் சட்டை கசங்கியிருந்தது. அவர் வாங்கி அடைத்திருக்கும் ஆடுகளில் கொழுத்ததாகப் பார்த்துப் போகிறதாம். நாலு நாளில் ஏழு. "துள்ளி விழுதும்மா" என்று சொல்லும்போது குரல் உடைந்தது. இந்த முறை ஓநாய் நிஜமாகவே அழுதது.

மேஸ்திரி ஏதாவது சுருக்கென்று சொல்வாள் என்று பார்த்தேன். நானாயிருந்தால் சொல்லியிருப்பேன். அவள் கேட்டது இதுதான்: "ஐஸ் பெட்டி இருக்கா?"

"இல்லம்மா."

"எங்களுது எடுத்துக்குங்க. மருந்து நடுவுல, ஐஸ் சுத்தி, ரெண்டுக்கும் இடையில துணி. சட்டைப் பையில வைக்காதீங்க. ஃப்ரீசர்ல வைக்கவே வைக்காதீங்க" – இவரைப் பார்த்தாள், இவர் பேப்பருக்குள் மறைந்தார் – "புதன்கிழமை நாங்க வந்து போட்டுத் தரோம். அதுவரைக்கும் கொழுக்கப் போடற தானியத்தை நிறுத்திட்டு வைக்கோல் போடுங்க."

நாங்கள் என்றாள்.

செப்டம்பர் 9, செவ்வாய்

மேஸ்திரி இன்று என் செருப்பைப் போட்டுக்கொண்டு போய்விட்டாள். கேட்கவில்லை. நான் அவளுடைய ரப்பர் பூட்ஸைப் போட்டுக்கொண்டு கொட்டகை கழுவினேன். இரண்டு சைஸ் பெரியது.

அக்டோபர் 18, சனி

சினை ஆடுகளுக்கு ஊசி போட்டோம். ஈனுவதற்கு ஒரு மாதம் முன்னால் தாய்க்குப் போட்டால், அது சீம்பால் வழியாகக் குட்டிக்கு இறங்கும் என்றார் டாக்டர். பிறந்த அன்றே குட்டிக்குக் காவல் வந்துவிடும். கர்ப்பிணிகளுக்கு நான் போட்டதும் இதே கணக்குதான்.

இந்தப் பக்கத்தில் இப்போது எங்களைக் கூப்பிடாத ஆட்டுக்காரர் குறைவு. எங்களுக்கு "ஊசி வீடு" என்றே பேராகிவிட்டது. போன மாதம் வாங்கிய பழைய காருக்கு இவர்தான் டிரைவர், ஐஸ் பெட்டி தூக்குபவரும் இவர்தான். ஃபிரிட்ஜைத் தொடும் அனுமதி மட்டும் இன்னும் தரவில்லை.

நவம்பர் 19, புதன்

மேஸ்திரி வெளியூர் போயிருக்கிறாள். ஆட்டுக்காரர்களுக்கு ஊசி போடக் கற்றுக்கொடுக்க ஆள் தயார்செய்யும் ஐந்து நாள் பயிற்சி. டாக்டர்தான் அவள் பெயரைக் கொடுத்தார். மந்தையை விட்டு அவள் ஒரு ராத்திரிகூட வெளியே தங்கியதில்லையாம். இவர் சொல்லிச் சொல்லி மாய்ந்தார்.

நேற்று கிளம்பும்போது பஸ் ஏறும்வரை காத்திருந்தேன். எந்த ஆட்டுக்கு எது, யார் யாரை முட்டுவாள், எதற்கு எப்போது தண்ணீர் – ஏதாவது சொல்வாள் என்று. "குளிருது, உள்ள போங்க" என்றாள். அவ்வளவுதான்.

இன்று மத்தியானம் முதல் பெட்டை ஈனத் தொடங்கியது. இரட்டை. இரண்டாவது குட்டி தலைக்குப் பதில் காலை நீட்டிக்கொண்டு நின்றது. டாக்டருக்கு போன் போட்டால் அவர் வேறெங்கோ இருந்தார். உடனே மேஸ்திரிக்குப் போட்டேன்.

"பின்னங்காலா முன்னங்காலா?"

"பின்னங்கால்."

"அப்ப அப்படியே வரும். அது முக்கும்போது கூடவே இழுங்க." பிறகு அதட்டினாள். "இதுக்கு எதுக்கு எனக்கு போன் பண்றீங்க? அதான் நீங்க இருக்கீங்கல்ல? எனக்கு கிளாஸ் இருக்கு."

வைத்துவிட்டாள்.

கையைக் கழுவிக்கொண்டு பக்கவாட்டில் போய் மண்டியிட்டேன். இழுத்தேன். வழுக்கிக்கொண்டு என் மடியில் வந்து விழுந்தது, மூச்சு இல்லாமல். வைக்கோலால் தேய்த்தேன், மூக்கைத் துடைத்தேன், தலைகீழாகப் பிடித்து உலுக்கினேன். தும்மிற்று.

இப்போது இரண்டும் எழுந்து நின்று, வாலை ஆட்டிக்கொண்டு சீம்பால் குடிக்கின்றன. இவர் வாசலிலேயே நின்று, "எல்லாம் சரியாப் போச்சா?" என்று மூன்று தடவை கேட்டுவிட்டார்.

கொட்டகையைத் தாழ் போட்டுவிட்டு வந்து இதை எழுதுகிறேன். இன்னும் ஒரு பெட்டை ஈனப்போகிறாற்போல் காலை மாற்றி மாற்றி நிற்கிறது. போக வேண்டும்.